பிடித்த மீனைத் திரும்ப விடுகிற கதை

சித்திரை பிறக்கும் இந்த நாட்களில் லண்டனில் குளிர் மெல்ல விலகும். கொஞ்சம் வெயில் எறித்ததும் றீஜன்ற்ஸ் கால்வாய்க் கரையில் ஒரு காட்சியைக் காணலாம். பச்சைக் குடைக்குக் கீழே மடக்குக் கதிரையில் ஒருவர் குந்தியிருப்பார். முன்னால் இரண்டு தூண்டில் தடிகள் தாங்கியில் கிடக்கும். மணித்தியாலக் கணக்காக ஒன்றும் நடக்காது. திடீரென்று தாங்கியில் உள்ள கருவி 'பீப்' என்று கத்தும். மனிதர் பாய்ந்தெழும்பி, கால் மணி நேரம் இழுபட்டு, பத்துக் கிலோ வரக்கூடிய கெண்டை மீன் ஒன்றைக் கரை சேர்ப்பார். அதை ஈர மெத்தையில் கிடத்தி, நிறுத்து, படம் எடுத்து, பிறகு கவனமாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்!

"உதென்ன விசர் வேலை?" என்று கேட்காத எம்மவர் குறைவு. நானும் கேட்டவன்தான்.

1991ஆம் ஆண்டு நான் இருந்த வீட்டில் மயிலிட்டி அண்ணை ஒருவரும் அறை எடுத்திருந்தார். பரம்பரைக் கடற்றொழிலாளி. 1990 ஆனியில் ஊரே இடம்பெயர்ந்த பிறகு இங்கு வந்து சேர்ந்தவர். அந்த ஆவணியில் ஒருநாள் ஒரு நைலோன் நூலும் கொழுக்கியும் பாண் துண்டும் கொண்டு கால்வாய்க்குப் போனார். நல்ல கெண்டை ஒன்று பட்டது. அதைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது, பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் ஓடிவந்து சத்தம் போட்டார். "கள்ளன்" என்ற சொல் மட்டும் அண்ணைக்கு விளங்கியது. பையைக் கவிழ்த்து மீனை விட்டுவிட்டு வந்தார். "தம்பி, கடலில வளர்ந்த என்னை மீன் களவெடுத்தவன் எண்டுறான்" என்று அன்றிரவு சொன்னவர் சாப்பிடவேயில்லை.

அவர் செய்ததில் என்ன பிழை? பிடித்த மீனை விடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்த சங்கதிகளே இக்கட்டுரை.

முதலாவது, இந்தக் கெண்டை ஆங்கில மீனே அல்ல. இதன் ஐரோப்பியத் தாய்வீடு டானியூப் நதி. மத்திய காலத்தில் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் இறைச்சி உண்ணக்கூடாது, மீன் உண்ணலாம். ஆகவே மடாலயங்களும் பிரபுக்களும் குளங்கள் கட்டிக் கெண்டை வளர்த்தார்கள். ஈரப் பாசியில் சுற்றி வைத்தால் நெடுநேரம் உயிரோடு இருக்கும் மீன் என்பதால், அது நாடு விட்டு நாடு போனது. பொஹீமியாவில் 1584க்கும் 1590க்கும் இடையில் கட்டப்பட்ட றோஸ்ம்பேர்க் குளம் இன்றும் கெண்டை வளர்க்கும் குளமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூலொன்று கெண்டையை இந்நாட்டில் அரிதான மீன் என்கிறது. 1653இல் 'முழுமையான தூண்டிற்காரன்' என்ற புகழ்பெற்ற நூலை எழுதிய ஐசாக் வோல்ற்றனும் இதை வெளியிலிருந்து வந்த மீன் என்றே எழுதினார். அவருடைய நூல் தொடங்கும் இடம் எது தெரியுமா? எம்மவர் பலர் குடியிருக்கும் ரொற்றன்ஹாம்! அங்கிருந்து லீ ஆற்றுப் பக்கமாக நடப்பதாகத்தான் கதை தொடங்குகிறது.

இரண்டாவது, கால்வாய் பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டதல்ல. றீஜன்ற்ஸ் கால்வாய் வேலை 1812இல் தொடங்கி, பாடிங்ரனிலிருந்து கம்டன் வரை 1816இலும், லைம்ஹவுஸ் வரை 1820இலும் திறக்கப்பட்டது. குதிரைகள் கரையால் நடந்து படகுகளை இழுத்தன. நிலக்கரி, மரம், செங்கல் எல்லாம் இவ்வழியால்தான் வந்தன. நோர்வேயிலிருந்து வந்த பனிக்கட்டிகூட கிங்ஸ் குறொஸ் கிணறுகளுக்கு இதனால்தான் போனது. 1874 ஐப்பசியில் வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று மிருகக்காட்சிச்சாலைக்கு அருகே வெடித்து, பாலமும் போய், படகிலிருந்த மூவரும் மாண்டனர். உழைப்பாளிகளின் வியர்வை கலந்த தண்ணீர் அது.

அந்த உழைப்பாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. விக்ரோறியா மகாராணி காலத்தில் லண்டன் தொழிலாளர் மதுச்சாலைகளில் தூண்டிற் சங்கங்களை அமைத்தனர். பிடித்த மீனைச் செத்தபடியே கொண்டுவந்து தராசில் போட்டு, அதிக நிறைக்குப் பரிசு கொடுத்தார்கள். அதாவது அக்காலத்தில் வெள்ளைக்காரரும் மீனைத் திரும்ப விடவில்லை! மீன் குறைந்து போவதைக் கண்டுதான் 1878இல் முண்டெல்லா என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. மீன்கள் முட்டையிடும் காலமான மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை நன்னீர் மீன் பிடிக்கத் தடை. எங்கள் புத்தாண்டு அந்தத் தடைக்குள்ளேயே வரும். ஆறுகளில் அது இன்றும் உண்டு. பெரும்பாலான கால்வாய்களில் 2000ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. பின்னாளில் மீன்களை வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, நிறுத்தபின் விடும் வழக்கமும் பரவியது.

கெண்டைக்கு மதிப்பு வந்தது 1952இல். 1934இல் டொனால்ட் லெனி என்ற மீன் வளர்ப்பாளர் ஒல்லாந்திலிருந்து தருவித்த கெண்டைக் குஞ்சுகளில் ஐம்பது, ஹெரபோட்ஷயரில் உள்ள றெட்மயர் என்ற சிறு குளத்தில் விடப்பட்டன. 1952 செப்ரம்பர் 13இல் றிச்சாட் வோக்கர் அங்கே 44 இறாத்தல் கெண்டை ஒன்றைப் பிடித்தார். அதற்கு முன் பெரிய கெண்டையைத் தூண்டிலால் பிடிக்கவே முடியாது என்று பலர் நம்பியிருந்தனர். அவர் அதைக் கொல்லாமல் லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுத்தார். கிளாரிஸா என்ற பெயரோடு அம்மீன் 1971 வரை, இதே கால்வாய் ஓரத்தில் உள்ள காட்சித் தொட்டியில் வாழ்ந்தது. கெண்டை நெடுங்காலம் வாழும், வாழ வாழ வளரும் என்பதை மக்கள் கண்ணாலே கண்டார்கள். 1980இல் அதே றெட்மயரில் கிறிஸ் யேற்ஸ் என்பவர் ஐம்பத்தொன்றரை இறாத்தல் கெண்டையைப் பிடித்துத் தண்ணீரில் விட்டார். முன்னே பிடித்தவர்கள் எல்லோரும் கறியாக்கியிருந்தால் அந்த நிறை எங்கே வந்திருக்கும்?

கால்வாய்கள் 1948இல் அரசுடைமையாயின. லொறியும் ரயிலும் சரக்கைக் கொண்டுபோக, 1960களின் முடிவோடு இக்கால்வாயில் சரக்குப் போக்குவரத்து ஓய்ந்தது. படகு போன தண்ணீரில் கெண்டை தங்கியது. பாலத்துக்கு அடியிலும் வீட்டுப்படகுகளின் நிழலிலும் ஒதுங்கி, சேற்றை உறிஞ்சிப் புழுவும் நத்தையும் தின்னும். வேண்டாததைத் துப்பிவிடும். அந்தத் துப்பும் குணத்தை வைத்தே 1980 அளவில் 'மயிர்த் தூண்டில்' வந்தது. இரையைக் கொழுக்கியில் குத்தாமல், கீழே மெல்லிய இழையில் தொங்கவிடுவார்கள். மீன் இரையை உறிஞ்சித் துப்பும்போது கொழுக்கி சொண்டில் மாட்டும். இரை என்ன? அவித்த சோளம், எங்கள் கொண்டைக்கடலை! மாவுருண்டையில் கறித்தூள் சேர்ப்பவர்களும் உண்டு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தூண்டில் அனுமதிப் பத்திரம் வேண்டும். 13 முதல் 16 வயது வரை அது இலவசம், ஆனாலும் எடுத்திருக்க வேண்டும். கால்வாயின் அந்தப் பகுதிக்கு உரிய சங்கத்தின் அனுமதியும் தேவைப்படலாம். உரியவரின் அனுமதியின்றி மீன் கொண்டுபோவது 1968ஆம் ஆண்டுக் களவுச் சட்டப்படி குற்றம். கரையில் கத்தியவர் சட்டத்தில் சரி. பேசிய முறையில் பிழை. போலந்திலும் செக் நாட்டிலும் நத்தார் விருந்துக்கே கெண்டைதான். 2004க்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களும் கால்வாய்க் கரையில் எங்களைப் போலவே ஏச்சு வாங்கினார்கள். பிறகுதான் பல மொழிகளில் அறிவிப்புப் பலகைகள் வந்தன. முதலே ஒருவர் ஆறுதலாக விளங்கப்படுத்தியிருந்தால் எவ்வளவு மனவருத்தம் மிஞ்சியிருக்கும்!

மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில் திரும்பக் கிடைத்தது. அண்ணை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு வயதுப் பேரனோடு, அனுமதிப் பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கால்வாய்க்குப் போகிறார். போன வருடம் நானும் கூடப் போனேன். பேரனுக்கு ஒரு கண்ணாடிக் கெண்டை பட்டது. அண்ணை தன் கையை நனைத்து, கொழுக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் பிடித்திருந்து, அது வாலை அடித்ததும் விட்டார்.

"என்னண்ணை, அண்டைக்கு வலுகோபப்பட்டியள்?" என்றேன்.

"சோத்துக்குப் பிடிக்கிறது வேற, பொழுதுக்குப் பிடிக்கிறது வேற தம்பி. கடல்ல நாங்களும் சினைப்பட்டதைப் பாத்து விடுறனாங்கள்தானே. அண்டைக்கு அவன் அதைச் சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்கும்."

பேரன் அடுத்த கொண்டைக்கடலையைக் கோத்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.