பெட்டிக்குள் முடங்கிய ஒரு படத்தின் கதை

சந்திப்பு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். ராஜா ராணி சரித்திரம் எழுத நம்மில் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் ஒரு சினிமாப் படத்தின் சரித்திரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். படிப்பை முடித்துவிட்டு சர்டிபிகேட்டும் கையுமாக வேலை தேடி அலைந்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? அதனால் இது உங்களுக்கும் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

படத்தின் பெயர் ‘பிரஷர்’. இயக்குநர் ஹோரஸ் ஓவே, டிரினிடாட் தீவில் பிறந்து 1960-இல் பிரிட்டனுக்கு வந்தவர். இடையில் ரோம் நகருக்குப் போய், ‘கிளியோபாட்ரா’ படத்தின் கூட்டத்தில் ஒருவராக நின்று சினிமா கற்றுக்கொண்டார். 1970-களின் நடுவில் அவர் எடுத்த ‘பிரஷர்’தான் பிரிட்டனில் ஒரு கறுப்பின இயக்குநர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம்.

கதை ரொம்ப எளிமையானது. லண்டனில் ஒரு மேற்கிந்தியக் குடும்பம். அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். மூத்தவன் காலின் டிரினிடாடில் பிறந்தவன், போராட்டம், கூட்டம் என்று திரிகிறவன். இளையவன் டோனி லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவன். பேச்சு, சாப்பாடு எல்லாமே லண்டன்தான். நல்லா படிச்ச பையன். கூடப் படித்த வெள்ளைக்காரப் பையன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். இவனும் இண்டர்வியூவுக்குப் போகிறான், வருகிறான். வேலை மட்டும் கிடைக்கவில்லை! காரணம் மார்க் ஷீட்டில் இல்லை, முகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையை ஓவேயோடு சேர்ந்து எழுதியவர் சாமுவேல் செல்வன். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், இல்லையா? 1923-இல் டிரினிடாடில் பிறந்த இவருடைய தந்தை மதராஸிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்! செல்வன் 1950-இல் லண்டனுக்கு வந்தார். புலம்பெயர்ந்தவர்களின் லண்டன் வாழ்க்கையை 1956-இல் ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ என்ற நாவலில், டிரினிடாட் மக்கள் பேசும் மொழியிலேயே எழுதிப் புகழ்பெற்றார். ‘பிரஷர்’ அதற்கு அடுத்த தலைமுறையின் கதை.

படப்பிடிப்பு நாட்டிங்ஹில் பகுதித் தெருக்களில், 16 மில்லிமீட்டர் கலர் ஃபிலிமில் நடந்தது. பணம் போட்டது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட். 1975-இல் லண்டன் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அப்புறம்? படம் பெட்டிக்குள் போய்விட்டது. காலின் கலந்துகொள்ளும் கூட்டத்துக்குள் போலீஸ் புகுந்து அடிக்கும் காட்சிகள்தான் காரணம். பணம் போட்டவர்களே படத்தைக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் நிறுத்தி வைத்தார்கள். 1978-இல்தான் வெளியானது.

அப்படி நடக்காததையா ஓவே காட்டிவிட்டார்? அதே நாட்டிங்ஹில்லில் ‘மாங்க்ரோவ்’ என்ற மேற்கிந்திய உணவகத்தைப் போலீஸ் திரும்பத் திரும்பச் சோதனை போட்டது. அதை எதிர்த்து 1970-இல் ஊர்வலம் நடந்தது. ஒன்பது பேர் மீது வழக்குப் போட்டார்கள். 1971-இல் கலகக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேருமே விடுதலையானார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், திரையில் வந்தபோது மட்டும் கசந்தது!

இப்போது கொஞ்சம் நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு சட்டத்தின் பரப்பு, 35 மில்லிமீட்டரில் உள்ளதில் கால்வாசிக்கும் குறைவு. அதனால் தூசு, கீறல் எல்லாம் திரையில் அத்தனை பெரிசாகத் தெரியும். கலர் ஃபிலிமின் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பழைய பிரிண்டுகளில் நீலச்சாயம் முதலில் போய், படமே சிவப்பேறிவிடும். அசிடேட் ஃபிலிம் கெட்டால் வினிகர் வாடை அடிக்கும். ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்து, கீறலை நீக்கி, நிறத்தைச் சமன் செய்து, ஒலியைச் சுத்தம் பண்ண வேண்டும். இதில் கைப்பக்குவமும் வேண்டும். ரொம்பத் தேய்த்தால் ஃபிலிமின் இயல்பான மணல்மணலான தன்மை போய், முகங்கள் மெழுகுபொம்மை மாதிரி ஆகிவிடும். தூசு நீக்கும் ஸாஃப்ட்வேருக்கு மழைத்துளியும் தூசுதான். ‘பிரஷர்’ படமோ கொட்டும் மழையில் ஒரு சிறு கூட்டம் பதாகை பிடித்து நிற்பதோடு முடிகிறது! அந்த மாதிரி இடங்களில் மெஷினை நம்ப முடியாது, மனுஷக் கண்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் தேசிய ஆவணக் காப்பகமும், மார்ட்டின் ஸ்கார்செஸி 1990-இல் தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து படத்தை 4கே தரத்தில் மீட்டெடுத்தன. ஆமாம், அன்று பெட்டியில் பூட்டிய அதே நிறுவனம்தான்! 2023 அக்டோபரில் லண்டன், நியூயார்க் திரைப்பட விழாக்களில் திரையிட்டு, நவம்பரில் பிரிட்டன் தியேட்டர்களில் மறுபடி வெளியிட்டார்கள். ஆனால் ஹோரஸ் ஓவே 2023 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். செல்வன் 1994-லேயே போய்விட்டார்.

நான் யோசிப்பது வேறொருவரைப் பற்றி. 1975-இல் டோனி மாதிரி 16 வயதில், வேலை கிடைக்காமல் “தப்பு நம்ம மேலதானோ” என்று குமைந்துகொண்டிருந்த ஒரு லண்டன் பையன். “தப்பு உன் மேல இல்லடா” என்று இந்தப் படம் அவனுக்குச் சொல்லியிருக்கும். சொல்ல விடாமல் மூன்று வருஷம் பூட்டி வைத்தார்கள். அந்த வயதில் மூன்று வருஷம் என்பது சாமானியமா? கீறலை நீக்க ஸாஃப்ட்வேர் இருக்கிறது, மங்கிய நிறத்தையும் மீட்டுவிடலாம். போன அந்த மூன்று வருஷத்தை மீட்க எந்த டெக்னாலஜியும் இல்லை.

வெளிநாடுகளில் குடியேறியிருக்கும் நம் நண்பர்கள் வாய்ப்புக் கிடைத்தால் இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். அடுத்த சந்திப்பில் அதைப் பற்றிப் பேசுவோம்.