சிறைப்பட்ட சிறுமியரும் கலைத்தொண்டும்

தவறிழைத்த சிறுவரைத் தண்டிப்பதைவிடத் திருத்துவதே முறை என்னும் கருத்து, 1899ஆம் ஆண்டு சிகாகோ நகரில் அமெரிக்க நாட்டின் முதல் சிறுவர் நீதிமன்றமாக உருவெடுத்தது. ஆயினும், திருத்தும் இல்லங்களின் கதவு எல்லாச் சிறுமியர்க்கும் ஒன்றுபோல் திறந்ததா? இல்லை என்றே வரலாறு விடையிறுக்கிறது.

வெர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பினச் சிறுமியர் குற்றம் சாட்டப்பெற்றால் அவர்க்கெனச் சீர்திருத்த இல்லம் இல்லை; பெரியோர் சிறையே கதி. இந்நிலை கண்டு வருந்தியவர் ஜேனி போர்ட்டர் பாரெட் அம்மையார். 1865ஆம் ஆண்டு ஜார்ஜியாவில் பிறந்து, ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் பயின்று ஆசிரியையானவர். கறுப்பினப் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பைத் திரட்டி, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, நிலம் வாங்கி, 1915ஆம் ஆண்டு ஹானோவர் வட்டாரத்தில் சிறுமியர் இல்லம் ஒன்றை நிறுவினார். அடிப்பதில்லை என்பதும், நம்பிக்கை வைத்தே நல்வழிப்படுத்துவது என்பதும் அவ்வில்லத்தின் நெறிகள். ‘கெட்டுப்போன பெண்’ என்று ஒதுக்காமல் ‘நம் வீட்டுப் பெண்’ என்று அச்சமூகம் ஏற்றதே இவ்வரலாற்றின் சிறப்பு.

அத்தகைய அரவணைப்பு கிட்டாத இடத்தில் நேர்ந்தது யாது? நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் சிறுமியர் பயிற்சிப் பள்ளி என்னும் பெயரில் அரசு இல்லம் ஒன்று இருந்தது. தாயை இழந்த எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் கறுப்பினச் சிறுமி 1933ஆம் ஆண்டு அங்கு அனுப்பப்பட்டாள். அங்கே பாடகர் குழு ஒன்று உண்டு. ஆனால் அது வெள்ளையர்க்கு மட்டுமே உரியது. அவளுக்கு அதில் இடமில்லை. இருந்த 17 விடுதிகளுள் மிகவும் பாழடைந்த இரண்டில் கறுப்பினச் சிறுமியர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். அவர்களை அடிப்பதும் உண்டு.

அவ்வில்லத்தைவிட்டு நீங்கிய அச்சிறுமி, 1934 நவம்பரில் ஹார்லெம் பகுதியின் அப்பல்லோ அரங்கில் நடந்த போட்டியில் பாடிப் பரிசு பெற்றார். பின்னர் 13 கிராமி விருதுகளை வென்று உலகப் புகழ் எய்தினார். அவர் தப்பிப் பிழைத்தார். அவருடன் அடைபட்டிருந்த ஏனைய சிறுமியருள் எத்தனை பேருடைய குரல் எவர் செவியிலும் விழாமலே அடங்கிற்றோ! பாட இடம் மறுப்பதும் ஒருவகைத் தண்டனையே. அதை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை, சமுதாயமே விதித்தது.

பிற்காலத்தில் இக்குறையை நீக்க வெளியிலிருந்து கலைஞர்கள் முன்வந்தனர். சிகாகோவில் 1984ஆம் ஆண்டு மீட் பாலிடோஃப்ஸ்கி அம்மையார் தொடங்கிய இசைநாடகக் குழு, பின்னர் ஸ்டோரிகேட்சர்ஸ் எனப் பெயர் பெற்றது. இக்குழுவினர் வாரன்வில் என்னும் ஊரில் உள்ள சிறுமியர் காவல் இல்லத்திற்குச் சென்றனர். ஆங்கிருந்த சிறுமியர் தத்தம் வாழ்வில் நேர்ந்தவற்றைத் தாமே எழுதினர். அவை பாடலும் நாடகமும் ஆயின. அவர்களே மேடையேறி நடித்தனர். வழக்குத் தாளில் குற்றத்தின் பெயர் மட்டுமே இருக்கும். அதற்கு முன் அவள் பட்ட துன்பத்தை நாடகம் உரைக்கும். தன் கதையைத் தன் வாயால் சொல்லக் கற்றவள், தன் வாழ்வை மாற்றிக்கொள்ளவும் துணிவு பெறுவாள்.

இளைஞர்களே! நம் நாட்டின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் கல்வி, தொழிற்பயிற்சி, விளையாட்டு ஆகியவற்றோடு கலை நிகழ்ச்சிகளையும் மறுவாழ்வுப் பணிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. உங்களுள் பறை முழக்கவும், பாடவும், கூத்தாடவும் வல்லோர் பலர் உளர். முறைப்படி அனுமதி பெற்று, அவ்வில்லங்களுக்குச் சென்று கற்பியுங்கள். அச்சிறுமியரின் பெயரையும் ஊரையும் வெளியிடாது காத்திடுங்கள். ஒதுக்கப்படுதலின் துயரை அறிந்த நாம், ஒதுக்கப்பட்ட பெண்ணை மீண்டும் ஒதுக்குதல் தகாது. அவள் திரும்பி வரும் நாளில் நம் தெரு அவளை வரவேற்கட்டும்.