காம்புள்ள ரோஜாவும் காம்பில்லாத ரோஜாவும்

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பூக்கடைகளில் சிவப்பு ரோஜா ஆண்டு முழுவதும் உண்டு, பெரும்பாலும் காம்பில்லாமல். மாலை கட்டுகிறவர் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பூவின் அடியில் ஊசியைச் செலுத்தி நூலில் கோத்து, இடையிடையே ஜிகினா வைத்து நெருக்கிவிடுகிறார். அந்த மாலை மாரியம்மன் கழுத்துக்கும் போகும், மணமேடைக்கும் போகும், கூட்டத்துக்கு வரும் அரசியல்வாதிக்கும் போகும். சவ ஊர்வலத்துக்கும் போகும். காதலர் தினம் வரும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மட்டும் அதே பூ நீளக் காம்போடு, கண்ணாடித்தாள் சுற்றி, ஒற்றையாக விற்பனைக்கு நிற்கிறது. உடனே 'இதெல்லாம் நம் வழக்கமா?' என்ற கேள்வியும் கிளம்பிவிடுகிறது. மாலையில் வந்த ரோஜாவை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆகவே சண்டை பூவோடு இல்லை, அதைக் கொடுக்கும் முறையோடுதான் என்பது என் கட்சி.

ரோஜா அந்நியம் என்பார்கள். சரிதான், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் அது இல்லை. ஆனால் அந்த நியாயப்படி முதலில் கழற்ற வேண்டியது ரோஜா மாலையை. இன்னொன்று: ஐரோப்பாவுக்கும் இன்றைய கருஞ்சிவப்பு ரோஜா முழுக்கச் சொந்தமில்லை. பலமுறை பூக்கும் செந்நிற ரோஜா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தது. இந்தப் பூவுக்கு இந்தப் பொருள் என்று அகராதி போடும் பழக்கமோ, 1819இல் பாரிசில் சார்லோட் த லத்தூர் என்ற பெயரில் வெளியான நூலுக்குப் பிறகுதான் பரவலாக வேர்விட்டது. காதலன் சிவந்த பூ கொண்டுவருவதில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள். குறுந்தொகையின் முதல் பாட்டே அதுதான்: தலைவன் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டுவந்த செங்காந்தளை, எங்கள் மலையிலேயே அது நிறைய இருக்கிறது என்று சொல்லித் தோழி மறுக்கிறாள்.

மறுக்கத்தானே செய்தாள், அதுவே நம் பண்பாடு என்று ஒருவர் மடக்கலாம். ஆனால் பூவை வாங்குவது சம்மதத்துக்குச் சமம் என்று இரு தரப்பும் அறிந்திருந்ததால்தான் மறுப்புக்கே பாட்டு தேவைப்பட்டது. மறுத்தாலும் ஏற்றாலும் அந்தப் பேச்சு களவு ஒழுக்கத்துக்குள், ஊர் அறியாமல் நடக்கிறது. அகப்பாட்டு அதைக் குற்றமாக்கவில்லை. களவு, கற்பு என்று இரண்டுக்கும் இடம் வைத்தது. மணமேடையில் மாலை மாற்றுவது இரண்டாவதைச் சேர்ந்தது. அங்கே பூவுக்கு வலிமை தருவது சுற்றி நிற்கும் உறவினர் கூட்டம். ஒற்றை ரோஜாவுக்கு வலிமை தருவதோ, சாட்சி யாரும் இல்லாமல் அது கைமாறுவது. தோட்டத்திலும் ரயில்வே குடியிருப்பிலும் கோயிலைச் சுற்றி ஒருவரையொருவர் கண்காணித்து வாழ்ந்த மலேசியத் தமிழ்ச் சமூகத்துக்கு, நெருடலாக இருப்பது இந்தச் சாட்சியின்மைதான். நெருடல் நமக்கு மட்டுமில்லை. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2005இல் முஸ்லிம்கள் காதலர் தினம் கொண்டாடுவதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2011 பிப்ரவரியில் சமய அதிகாரிகள் சோதனைக்குப் போன இடம் பூக்கடை இல்லை, விடுதி அறைகள். காரணம் வேறு, கவலை கிட்டத்தட்ட ஒன்று.

எல்லாம் வியாபாரத் தந்திரம் என்பது கடைசி எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. ஓசூர்ப் பசுமைக்குடில்களில் 'தாஜ்மகால்' ரகச் சிவப்பு ரோஜாவை பிப்ரவரி 14ஐக் கணக்கிட்டே கவாத்து செய்து பூக்க வைக்கிறார்கள். அது விமானமேறிப் போகும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஆனால் முகூர்த்த நாளில் மாலை விலை ஏறுவதும் வியாபாரம்தான். அதைக் காட்டி மாலை மாற்றுவதே பொய் என்று யாரும் சொல்வதில்லை. கொடுக்க ஒருவரும் வாங்க ஒருவரும் காத்திருக்காவிட்டால், எத்தனை குடில் போட்டாலும் ஓசூர்ப் பூ பெட்டியிலேயே வாடிப்போகும்.