வாரும்: ஓர் அழைப்பு பெயர்ச்சொல்லான கதை

‘மாரநாதா’ என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சபைப் பெயர்ப்பலகையில் பார்த்திருப்பார்கள், பாட்டிலும் கேட்டிருப்பார்கள். ‘நாதன்’ உள்ளே ஒளிந்திருக்கும் வடசொல் போல அது காதில் விழும். ஆனால் நாதனுக்கும் அதற்கும் உறவில்லை. அது இயேசுவும் சீடர்களும் வீட்டில் பேசிய அரமேயம். அதில் ‘மார்’ என்றால் ஆண்டவர். கேரளத்தில் ஆயர்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘மார்’, மார்த்தோமா சபையின் ‘மார்’ எல்லாம் இதே சொல்தான். ‘மாரன்’, ‘மாரனா’ என்றால் எங்கள் ஆண்டவர்.

கி.பி. 54-ஐ ஒட்டி எபேசுவிலிருந்து பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரிகளில் இந்தச் சொல் வருகிறது. கடிதம் கிரேக்கத்தில் இருக்கிறது, படிக்கப்போகிறவர்களும் கிரேக்க மொழிக்காரர்கள். ஆனாலும் பவுல் இதை மொழிபெயர்க்காமல் கிரேக்க எழுத்தில் அப்படியே விட்டார். கொரிந்தியருக்கு அது ஏற்கெனவே வாய்ப்பழக்கமாகியிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தோன்றவில்லை. 1873-இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் ஃபிலோதியோஸ் பிரியென்னியோஸ் கண்டெடுத்த ‘திதாக்கே’ என்னும் பழைய சபை ஒழுங்கு நூலிலும், பந்தி முடிந்து சொல்லும் ஜெபத்தின் இறுதியில், ஆமெனுக்கு முன்னால் இச்சொல் நிற்கிறது.

பழைய ஏடுகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஆகவே எங்கே பிரிப்பது என்பதில் பொருள் மாறும். ‘மாரன் அதா’ என்று பிரித்தால் எங்கள் ஆண்டவர் வந்தார். ‘மாரனா தா’ என்று பிரித்தால் எங்கள் ஆண்டவரே, வாரும். பெரும்பாலான அறிஞர்கள் இரண்டாவதையே ஏற்கிறார்கள். பைபிளின் கடைசிப் பக்கத்தில் வெளிப்படுத்தின விசேஷம் முடியும் இடத்தில் இதே வேண்டுதல் கிரேக்க உருவில் வருவதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

அந்த இடத்தில் தமிழ் வேதாகமம் இட்ட சொல் ‘வாரும்’. ‘வா’வில் உரிமை உண்டு, மரியாதை குறைவு. ‘வாருங்கள்’ மரியாதை மிகுந்து சற்றுத் தள்ளி நிற்கும். ‘வாரும்’ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பல ஊர்களில் பேச்சிலிருந்து உதிர்ந்துபோன இந்த வடிவம் ஜெபத்தில் நிலைத்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் ‘வாரும்வே’ என்று நண்பனை அழைக்கும்போது இன்றும் அது உயிரோடு இருக்கிறது. ‘வருகை’யும் தமிழில் வெறும் செய்தியாக மட்டும் இருந்ததில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆறாவது வருகைப் பருவம். தளர்நடை பயிலும் குழந்தையை ‘வருக வருக’ என்று கவிஞர் கெஞ்சி அழைப்பதுதான் அந்தப் பருவம் முழுவதும். அருள் செல்லத்துரை 1985-இல் இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் வெளியிட்டபோது, ‘வருக’ என்னும் அந்த மரபும் ‘மாரனா தா’ என்னும் இந்த மரபும் ஒரே பாட்டுடைத் தலைவனிடம் வந்து சேர்ந்தன.

பவுலின் கிரேக்கத்தில் இதற்கு ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு: பரூசியா. நேர்ப்பொருள் ‘உடனிருத்தல்’. அதிலிருந்து ஒருவர் வந்துசேர்வதையும் குறிக்கும். கொரிந்தியர் கடிதத்தில் மாரநாதாவுக்கு ஐந்து வசனங்கள் முன்னால், ஸ்தேவான் என்ற சபைக்காரர் தம்மைப் பார்க்க வந்த மகிழ்ச்சியைப் பவுல் சொல்கிறார். அந்தச் சாதாரண வருகைக்கும் ‘பரூசியா’ என்றே எழுதுகிறார்.

ஆனால் அந்தக் காலத்து மக்கள் காதில் இச்சொல்லுக்கு அரண்மனை வாடையும் இருந்தது. 1900-ஆம் ஆண்டு எகிப்தின் தெப்துனிஸில் தோண்டியபோது முதலைகளின் பதனிட்ட உடல்கள் கிடைத்தன. அவற்றைச் சுற்றியிருந்த பழைய பப்பைரஸ் தாள் கழிவில் கெர்கெயோசிரிஸ் என்ற கிராமத்துக் கணக்கர் மென்கெஸின் அலுவல் ஏடுகள் இருந்தன. கி.மு. 113-ஐ ஒட்டிய ஒரு மனுவில், ராஜாவின் பரூசியாவுக்காக ஊர்மேல் சுமத்திய 80 அர்த்தபா கோதுமையைத் திரட்ட இரவுபகலாக அலைந்துகொண்டிருப்பதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அர்த்தபா என்பது எகிப்திய முகத்தலளவை. ராஜா வருவது குடியானவனுக்கு வரிச்செய்தியாகத்தான் முதலில் வந்து சேர்ந்தது. ரோமர் இதையே லத்தீனில் ‘அத்வெந்துஸ்’ என்றார்கள். நீரோ கிரேக்க நாட்டுக்கு வந்தபோது கொரிந்து நகரம் அச்சொல்லைப் பொறித்து நாணயம் வெளியிட்டது. பவுலின் கடிதம் போய்ச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த அதே கொரிந்துதான். கிரேக்க நாட்டுத் தேகேயாவில் உள்ள ஒரு கல்வெட்டு, ஹேட்ரியன் பேரரசரின் முதல் பரூசியாவிலிருந்து 69-ஆம் ஆண்டு என்று காலம் குறிக்கிறது. இந்தச் சான்றுகளைத் தொகுத்துப் புதிய ஏற்பாட்டுச் சொல்லோடு பொருத்திக் காட்டியவர் ஜெர்மன் அறிஞர் அடோல்ஃப் டைஸ்மன். அவருடைய நூல் 1908-இல் வந்தது.

ராஜா வருகிறார் என்றால் நாள் முன்பே தெரியும். சாலை செப்பனிடுவார்கள், தானியம் தண்டுவார்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பரூசியா நான்கு முறை வருகிறது. அதே கடிதத்தில் அந்த நாள் இரவில் திருடன் வருவதுபோல் வரும் என்றும் இருக்கிறது. திருடன் சொல்லிவிட்டு வருவதில்லை. அரசனுக்குரிய சொல்லையும் திருடனின் வழக்கத்தையும் ஒரே ஆள்மேல் ஏற்றியதுதான் ஆதிச் சபை செய்த புதுமை. வருவது உறுதி, வரும் வேளை மட்டும் மறைவு. மாற்கு சுவிசேஷம் வீட்டு எஜமான் மாலையிலோ நடுராத்திரியிலோ சேவல் கூவும் நேரத்திலோ காலையிலோ வரலாம் என்று ரோமரின் நான்கு ஜாமங்களையும் வரிசையாகச் சொல்லி, எந்த ஜாமத்திலும் தூங்க இடம் வைக்காமல் விடுகிறது.

‘இரண்டாம் வருகை’ என்ற தொடரைப் புதிய ஏற்பாட்டில் தேடினால் கிடைக்காது. இரண்டாம் முறை தோன்றுவார் என்ற கருத்து எபிரெயர் நிருபத்தில் உண்டு. முதல் பரூசியா தாழ்மையில், இரண்டாவது மகிமையில் என்று வரிசைப்படுத்திப் பேசியவர் இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன். யூதரோடு வாதாட அது அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் ஓர் அழைப்பு இப்படி எண்ணிட்ட பெயர்ச்சொல்லான பிறகு, அதற்குத் தேதி கேட்பவர்களும் வந்தார்கள்.

அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர் தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு கணக்குப் போட்டார். அவர் இயக்கம் கடைசியாக 1844 அக்டோபர் 22-இல் வந்து நின்றது. அன்று எதுவும் நடக்கவில்லை. அந்த நாளுக்குப் ‘பெரும் ஏமாற்றம்’ என்று பெயர் நிலைத்தது. அதில் மிஞ்சியவர்கள் 1863-இல் அமைத்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, ‘அத்வெந்துஸ்’ என்ற சொல்லையே பெயரில் வைத்துக்கொண்டது. நம் பக்கத்திலும் இது நடந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, திருவிதாங்கூரில் கிறிஸ்தவரான ‘வித்வான் குட்டி’ யுஸ்துஸ் யோசேப்பு, 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்த ஆண்டு கடந்ததும் அவரைப் பின்பற்றிய யுயோமய சபையார் அதிலிருந்தே தங்களுக்கு ஒரு புதுச் சகாப்தத்தை எண்ணத் தொடங்கினார்கள். தேகேயாக்காரர்கள் ஹேட்ரியனுக்குச் செய்ததும் அதுவே.

வழிபாட்டில் ‘அத்வெந்துஸ்’ என்ற அதே லத்தீன் சொல் வேறு பாதையில் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கத்தோலிக்கர் முன்பு ஆகமன காலம் என்றார்கள், இப்போது திருவருகைக் காலம் என்கிறார்கள். குழந்தை பிறப்புக்குக் குடில் கட்டும் காலம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் டிசம்பர் 16 வரை வழிபாட்டின் கண் கடைசி வருகைமேல்தான் இருக்கும். பெத்லகேம் பக்கம் திரும்புவது 17-இலிருந்துதான்.

வருகையோடு சேர்ந்த இன்னொரு சொல்லைத் தமிழ் வேதாகமம் அருமையாகக் காப்பாற்றியிருக்கிறது. வருகிற அரசரை ஊரார் வெளியே போய் வரவேற்று அழைத்துவருவது கிரேக்கத்தில் ‘அப்பாந்தேசிஸ்’. பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்காகப் புறப்படும் இடத்திலும், ரோமாபுரிச் சகோதரர்கள் பவுலை வரவேற்க வரும் இடத்திலும், விசுவாசிகள் மேகங்கள்மேல் ஆண்டவரைச் சந்திக்கும் இடத்திலும் கிரேக்கத்தில் இச்சொல்லே. மூன்றிலும் தமிழ் ‘எதிர்கொண்டு’ என்றே சொல்கிறது. ரோமாபுரியார் நடந்துவந்த ஊர்களை அப்பியுபுரம், மூன்று சத்திரம் என்று நம்மூர்ப் பெயர்களாகவே ஆக்கியிருக்கிறது. அப்பியுபுரம் ரோமிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்தவர்கள் பவுலோடு வேறெங்கும் போய்விடவில்லை, அவரோடு தங்கள் நகரத்துக்கே திரும்பினார்கள்.

மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவதை, பூமியை விட்டுத் தப்பிப்போகும் ‘இரகசிய வருகை’ என்று விளக்கும் மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகரிடமிருந்து பரவியது. தமிழ்நாட்டுப் பிரசங்க மேடைகளில் அதற்கு இன்றும் செல்வாக்கு உண்டு. ஆனால் ‘எதிர்கொள்’ என்ற சொல் அந்தப் பக்கம் இழுக்கவில்லை. மதுரையில் அழகருக்கு எதிர்சேவை செய்யப் போகிறவர்கள் அழகர்மலைக்குக் குடிபோவதில்லை, அவரை ஊருக்குள் அழைத்துவருகிறார்கள். ஆண்டவரை எதிர்கொள்ளப் போகிறவனும் அவரோடு தன் ஊருக்கே திரும்ப வேண்டியவன். அப்படியானால் அந்த ஊரை விளக்கேற்றி, கணக்கு நேராக்கி வைத்திருப்பதும் ‘வாரும்’ என்று அழைத்தவனின் பொறுப்புதான்.