புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

திருக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியத்திற்குப் பொங்கப்படுவது பச்சரிசியே. புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்தது. வெந்ததை மீண்டும் வேகவைத்து இறைவனுக்குப் படைத்தல் தகாது என்னும் வழக்கம், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு இம்மலைநாட்டிற்கும் வந்து சேர்ந்தது. விழாவிற்குப் பச்சரிசி, வீட்டிற்குப் புழுங்கல் அரிசி என்ற இப்பிரிவில் சிறப்பு முழுவதும் பச்சரிசிக்கே உரியதாயிற்று. ஆயினும் மலாயாவின் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றிருப்பது, எவரும் பெரிதாக மதியாத அந்த அன்றாடப் புழுங்கல் அரிசிதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பெருந்தொகையினரைப் பலிகொண்ட நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், பின்னர் எழுந்து நிற்கவும் இயலாமற்போகும். சிலருக்கு உடல் முழுவதும் நீர்கோத்து வீங்கி, நெஞ்சு படபடத்து, முந்திய நாள்வரை வேலை செய்தவர் மறுநாள் மூச்சுத் திணறி மாண்டுபோவதும் உண்டு. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களையும், சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் அடைபட்டுக் கிடந்தவர்களையும் இந்நோய் மிகுதியாகத் தாக்கியது. கிருமியே காரணம் என்றனர் சிலர். ஈரநிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்று என்றனர் வேறு சிலர். கட்டடங்களைக் கழுவியும் வெள்ளையடித்தும் பார்த்தனர். நோய் அகலவில்லை.

கட்டடத்தைக் கழுவியவர்கள் சோற்றுப் பானையை நோக்கவில்லை. அக்காலத்தில்தான் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பெருகின. உரலில் குத்திய அரிசியில் தவிடும் முளையும் ஓரளவேனும் ஒட்டியிருக்கும். ஆலையோ அவற்றை அறவே நீக்கி, முத்துப்போல் வெளுத்த அரிசியைத் தந்தது. பார்வைக்கு அழகு, நெடுநாள் இருப்புக்கு ஏற்றது, சமைக்க எளிது. சயாமிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கிய அந்த வெள்ளை அரிசியே சுரங்கத் தொழிலாளிகளின் முதன்மை உணவாயிற்று. தொட்டுக்கொள்ளக் கிடைத்ததோ சிறிதளவு கருவாடும் கீரையும்தான்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசாங்க மருத்துவராயிருந்த டாக்டர் பிரேடன் இதனைக் கூர்ந்து நோக்கினார். அவர் கண்டது மிக எளிய ஓர் உண்மை. ஒரே வட்டாரத்தில், ஒரே வெயிலிலும் மழையிலும் உழைக்கும் மூன்று இனத்தாருள் சீனர் பெருமளவில் பெரிபெரியால் மடிந்தனர், கம்பங்களில் தம் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய்க்காரரிடம் அது அரிதாயிருந்தது, தமிழரிடமும் அரிதாயிருந்தது. இம்மூவரையும் பிரித்தது இரத்தமன்று; அவரவர் உண்ட அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பிரேடன் தம் கருத்தை 1907-ஆம் ஆண்டில் பெருநூலாகவே வெளியிட்டார். வெள்ளை அரிசி நாட்பட இருப்பதால் அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் முடிபு. நஞ்சு என்றது பிழை. அரிசியைச் சுட்டிக்காட்டியது பிழையன்று.

அரிசிதான் காரணமா என்பதை நேரடியாகச் சோதிக்கும் வாய்ப்பு கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் அமைந்தது. 1905-ஆம் ஆண்டில் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு விடுதிக்கும், இரட்டைப்படை எண்ணினர் எதிரேயிருந்த அதேபோன்ற மற்றொரு விடுதிக்கும் அனுப்பப்பட்டனர். கறி, காய், மீன் யாவும் இருவருக்கும் ஒன்றே. அரிசி மட்டும் வேறு: ஒரு விடுதியாருக்குச் சயாம் வெள்ளை அரிசி, மற்ற விடுதியாருக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. இடத்தின் குற்றமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு கூட்டத்தாரையும் விடுதி மாற்றியும் வைத்தனர். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு சென்றது. வெள்ளை அரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர்; அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் பெரிபெரியால் இறந்தவர் எவருமிலர்.

மருத்துவ உலகம் இன்றும் இச்சோதனையைப் போற்றுகிறது. மருந்தையோ உணவையோ இவ்வாறு இரு கூட்டமாகப் பிரித்து ஒப்பிடும் முறைக்கு முன்னோடிகளுள் ஒன்றாக அதனை மதிக்கிறது. போற்றத்தக்கதே. எனினும் தம் தட்டில் விழுவது எந்த அரிசி என்று கேட்கவும் இயலாத அந்த 18 பேரும் தம் இசைவைத் தந்தவர்களல்லர் என்பதையும் வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

காப்பகத்தில் கண்டது வெளியிலும் பொருந்துமா என்ற வினாவிற்கு விடை ஜெலுபு காட்டில் கிடைத்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனைச் சார்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் ஆகிய இருவரும், நெகிரி செம்பிலானின் உட்காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 சாவகத் தொழிலாளிகளை 1907-ஆம் ஆண்டு முதற்கொண்டு கவனித்து வந்தனர். அவர்களை இரு குழுவாகப் பிரித்து வெவ்வேறிடங்களில் தங்கவைத்து, ஒரு குழுவிற்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் அளித்தனர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. மற்றக் குழுவில் இல்லை. உடனே அரிசியை மாற்றினர். முதற்குழுவில் புதிதாக நோய் எழவில்லை. அதுவரை நலமாயிருந்த குழுவில் நோய் தோன்றலாயிற்று. அதன்பின் கோழிகளுக்கு வெள்ளை அரிசியோடு தவிட்டையும் சேர்த்துக் கொடுத்து, தவிடு சேர்ந்தால் நோய் வாராது என்பதையும் காட்டினர். நஞ்சு இருந்து கொல்லவில்லை. இருக்கவேண்டிய ஒன்று இல்லாமற்போனதே கொன்றது. 1910-ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பநாட்டு மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது.

இதற்கு முன்பே பத்தாவியாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கோழிகளிடம் இதையொத்த நோயைக் கண்டறிந்திருந்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், பச்சைப் பயறும் அந்நோயைத் தடுக்கிறது என 1901-இல் எழுதினார். 1912-இல் ‘வைட்டமின்’ என்ற பெயர் பிறந்தது. 1926-இல் தவிட்டிலிருந்து அச்சத்து தனியே பிரிக்கப்பட்டது. 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிட்டியது. வைட்டமின் பி1 என இன்று பள்ளிப்பிள்ளைகளும் அறிந்திருப்பது அதுவே.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்திப் பின்னர் குத்துவதே புழுங்கல் முறை. ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. இச்சத்து நீரில் கரைவது. ஆகவே அரிசியைப் பலமுறை கழுவிக் கொட்டினால் கழுநீரோடு போகும், கஞ்சியை வடித்துக் கொட்டினால் கஞ்சியோடு போகும். தோட்டத்து லயத்து வீடுகளில் வடிகஞ்சி வீணானதில்லை, உப்பிட்டுக் குடிப்பார்கள். இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து, விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோர் நீராகாரத்தோடு உண்டு கிளம்புவார்கள். சோற்றோடு பருப்பு சேர்ந்தது. பருப்பிலும் அதே சத்து உண்டு. வறுமையினால் கைக்கொண்ட சிக்கனம் ஒவ்வொன்றும் சத்தைக் காத்தது.

இதைக் கொண்டு முன்னோர் யாவும் அறிந்தே செய்தனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. அவித்த நெல் எளிதில் உமி நீங்கும், குத்துகையில் உடையாது. இவையே அவ்வழக்கம் நிலைக்கப் போதிய காரணங்கள். மேலும், பெரிபெரிக்குத் தப்பிய தமிழ்த் தொழிலாளி மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் தப்பவில்லை. புதிதாகக் காடழித்த தோட்டங்களில் ஆண்டுதோறும் ஏராளமானோர் மடிந்தனர். புழுங்கல் அரிசி ஒரு வாயிலை மட்டுமே அடைத்தது.

அந்த வாயிலும் பின்னர் திறந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இறக்குமதி குலைந்தது. மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் மூன்று வேளை உணவாயிற்று. அதில் இச்சத்து மிகக் குறைவு. வீங்கிய கால்கள் மீண்டும் காணப்பட்டன. சயாம்–பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுள் திரும்பி வராதோர் மிகப் பலர். காலரா, மலேரியா, சீதபேதி ஆகியவற்றோடு பெரிபெரியும் அவர்களைக் கொண்டுபோயிற்று. வீட்டு அடுப்பிலிருந்து பிரிக்கப்பட்டு, பிறர் அளந்து போட்டதை உண்ணும் நிலைக்கு ஆளானபோது, அப்பாட்டனாரும் முன்பு சுரங்கத்துச் சீனரும் ஒரே கதியை அடைந்தனர்.

இன்று மலேசியத் தமிழரை வாட்டுவது பெரிபெரி அன்று. ‘இனிப்புநீர்’ எனப் பேச்சில் வழங்கும் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது மிகுதி. குறைவினால் வந்த நோய் அது. மிகுதியினால் வரும் நோய் இது. விடியுமுன் எழுந்து நாள் முழுவதும் மரம் வெட்டியவருக்குக் குவித்துப் போட்ட சோறு, நாற்காலியில் அமர்ந்து உழைக்கும் பேரனுக்கும் அதே அளவில் போடப்படுகிறது. அதனோடு பாலும் சீனியும் மிகுந்த தேநீர் வேறு. நீரிழிவு உடையோர் பலர் இன்று கடைகளில் புழுங்கல் அரிசியைத் தேடி வாங்குகின்றனர். அது வெள்ளை அரிசியைவிடச் சற்று மெதுவாகவே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அதுவும் மாவுப்பொருளே, மருந்தன்று. மலேசியச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் கால்–கால்–அரை தட்டில் சோற்றிற்குக் கால் பங்கே இடம். மீன், கோழி, பருப்பு போன்றவற்றிற்கு மற்றொரு கால் பங்கு. எஞ்சிய பாதி முழுவதும் காய்க்கும் கனிக்கும் உரியது.