தன்னுதவி மனநல முறைகள்: தருமபுரி மாவட்டம்

கோபம், துக்கம், அச்சம், குற்றவுணர்வு ஆகியவற்றால் அலைக்கழிக்கப்படுபவர் மருத்துவரை எதிர்பாராமல் தாமே கைக்கொள்ளும் பயிற்சிகள் தன்னுதவி மனநல முறைகள் எனப்படும். மூச்சுப்பயிற்சி, தசைத் தளர்வு, நாட்குறிப்பு, தியானம், கைவிட்ட அன்றாட வேலைகளை மீண்டும் தொடங்குதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. நூல்கள் இவற்றைத் தனியறையில் தனியொருவர் செய்வனவாகவே விளக்குகின்றன. தருமபுரியின் வரலாற்றையும் கிடைத்துள்ள ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், பலர் கூடிச் செய்யும்போதே இவை நிலைக்கும் என்று கருத வலுவான காரணம் உண்டு.

மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. கோபத்தைப் பொறுத்தவரை அது தவறு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையை அடித்தவர்களுக்குச் சினம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தனர். 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த மதிப்பாய்வும் இதையே சொல்கிறது: உடலின் படபடப்பைத் தணிக்கும் மூச்சுப்பயிற்சி, தியானம் போன்றவை கோபத்தைக் குறைக்கின்றன, படபடப்பைக் கூட்டுபவை பொதுவாகக் குறைப்பதில்லை. எழுத்தின் கதை வேறு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தம்மைக் காயப்படுத்திய நிகழ்வுகளை எழுதினர். எழுதி முடித்தவுடன் மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதன்மீதான உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. பின்வந்த தொகுப்பாய்வுகள் இப்பலன் சிறியதே என்கின்றன. அப்படியானால் ஒப்பாரி வைத்து அழுவது வீணா என்று கேட்கலாம். ஒப்பாரியில் இழப்பு சொல்லாகக் கோக்கப்படுகிறது. சுற்றி அமர்ந்த பெண்கள் தோள்கொடுத்து உடன் அழுகிறார்கள். வெறும் கொட்டித் தீர்த்தலாக மட்டும் அதைப் பார்ப்பது பொருந்தாது.

கூடிச் செய்வதற்கான அமைப்பு தருமபுரியில் முன்பே உண்டு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கப்பட்டது இம்மாவட்டத்தில்தான். இன்றைய கிருஷ்ணகிரியும் அப்போது இதன் பகுதி. சேமிப்பும் கடனுமே நோக்கம் என்றாலும், வீட்டுக்கு வெளியே பெண்கள் தவறாமல் சந்திக்கும் இடமாகக் குழு அமைந்தது. அத்தகைய கூட்டங்களில் மனநலப் பயிற்சியைக் கற்பிக்க முடியும் என்பதற்கு உகாண்டா சான்று. அங்குத் தென் சூடான் அகதிப் பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து அமர்வுப் பயிற்சி, ஒலிப்பதிவின் உதவியோடு, குழுவாகவே அளிக்கப்பட்டது. நடத்தியவர்கள் மனநல வல்லுநர்கள் அல்லர். மூன்று மாதம் கழித்தும், பயிற்சி பெற்றோரின் மனத்துயர் பெறாதோரைவிடக் குறைவாக இருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்து கடனில் நிற்பவரிடம் மூச்சை இழுத்துவிடச் சொல்வது கொடுமை என்பது நியாயமான எதிர்ப்பு. மூச்சுப்பயிற்சி கடனை அடைக்காது. வறுமையைத் தனியாள் குறையாக்கும் எந்த மனநலப் பேச்சும் ஏற்கத்தக்கதன்று. குழுவின் சிறப்பு, கைமாற்றுக்கும் ஆறுதலுக்கும் ஒரே இடத்தில் வழி இருப்பது. ஆனால் அதுவே ஆபத்தும்கூட: தவணை தவறியவருக்கு அக்கூட்டமே அவமானமாகும், சொன்ன துயரம் ஊர்ப்பேச்சாகும். ஆகவே மனம்விட்டுப் பேசும் அமர்வைக் கணக்குப் பார்க்கும் கூட்டத்திலிருந்து பிரித்து, வேறொரு நாளில் வைப்பதே முறை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ தன்னுதவி போதாது. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் உதவி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடலாம்.