இழுப்பது எளிது, நிறுத்துவதே கடினம்

விறகுப் பாரத்துடன் மேடேறும் வண்டியைக் கண்டால், "ஏறிவிடுமா?" என்றுதான் நாம் கவலைப்படுகிறோம். ஆனால் பெரிய ஆபத்து மேட்டில் இல்லை. அதற்கு அப்பாலுள்ள இறக்கத்தில்தான் இருக்கிறது. மரம் வெட்டுவோர் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற பாடம் இது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ளது மெய்ன் மாநிலம். காடும் கடுங்குளிரும் நிறைந்த நாடு. அங்கே குளிர்காலத்தில் குதிரைகள் மரங்களைச் சறுக்குவண்டிகளில் இழுத்துச் சென்றன. பாதையில் தெளித்த நீர் இரவில் பனிக்கட்டியாக உறையும். உராய்வு குறைந்து பாரம் எளிதாக நகரும்.

1901ஆம் ஆண்டில் அம்மாநிலத்து வாட்டர்வில் நகரைச் சேர்ந்த ஆல்வின் லம்பார்டு என்பவர் நீராவி மர இழுவை எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்புறம் இன்றைய புல்டோசரில் காண்பது போன்ற சங்கிலிப் பட்டைகள். முன்புறம் திசைதிருப்பச் சறுக்குக் கட்டைகள். பல குதிரைகளின் வேலையை அது ஒன்றே செய்தது. சறுக்குவண்டிகளை ரயில்போல் கோத்து இழுத்தது.

ஆனால் அதற்குப் பிரேக் கிடையாது! இறக்கத்தில் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். பின்னாலுள்ள பாரம் முழுவதும் எந்திரத்தை முன்னே தள்ளும். கொதிகலனுக்கு முன்னே, திறந்த மேடையில் அமர்ந்து வண்டியைத் திருப்புபவர் பாடுதான் பெரும்பாடு. குளிர்காற்று முகத்தில் அறையும், புகைபோக்கியின் நெருப்புப் பொறிகள் மேலே விழும், நிறுத்தவோ வழியில்லை. இறக்கங்களில் உலர்ந்த புல்லைப் பரப்பி உராய்வைக் கூட்ட முயன்றார்கள்.

வியப்பு என்னவென்றால், ரயில்வேயில் இதற்கு முன்பே விடை கிடைத்திருந்தது. 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எந்திரத்திலிருந்து குழாய் வழியே வரும் அழுத்தக் காற்று ஒவ்வொரு பெட்டியின் பிரேக்கையும் இயக்கியது. குழாய் அறுந்தால்? பிரேக்கே இல்லை! ஆகவே 1872இல் அவர் முறையைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் காற்றுத் தொட்டி வைத்தார். குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். பெட்டி கழன்றாலும் அது நின்றுவிடும். 1893இல் அமெரிக்கச் சட்டம் ரயில்களுக்குத் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

இன்று பிக்கப் லாரியின் பின்னே டிரெய்லரைப் பூட்டி விறகு கொண்டுபோகிறவர்களுக்கும் இதுவே பாடம். பாரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் கனமான டிரெய்லர்களின் சக்கரங்களிலேயே மின்பிரேக் வைக்கிறார்கள். டிரெய்லர் கழன்றால் ஒரு கம்பி இழுபட்டு, அதிலுள்ள மின்கலம் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். வெஸ்டிங்ஹவுஸின் கருத்து வேறு உருவில்!

இன்னும் இரண்டு செய்திகள். மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும் அல்லவா? டிரெய்லரில் பின்பாரம் மிகுந்தால் அது பாம்புபோல் நெளிந்து லாரியையும் கவிழ்க்கலாம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னே, இணைப்புக் கொக்கியின்மேல் அமர வேண்டும். மேலும், புதிதாக வெட்டிய விறகில் நீர் மிகுதி. அதே அளவுள்ள காய்ந்த குவியலைவிட அது மிகக் கனமானது. கண்ணால் அளந்து ஏற்றினால் ஏமாந்துபோவோம்.

வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அடுத்த முறை பாரவண்டி ஒன்றைப் பார்க்கும்போது, அதன் குதிரைத்திறனைக் கேட்குமுன் பிரேக் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.